பீன்ஸ் சட்டியும் கார்ன்பிரெட்டும்: அமெரிக்கத் தென்பகுதியின் கைச்செலவு குறைந்த சாப்பாடு

கேள்வி இதுதான்: அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வளர்ந்தவர்கள், "எங்கள் வீட்டில் காசு கிடையாது, பீன்ஸ் தின்றுதான் வளர்ந்தோம்" என்று குறைபோலச் சொல்கிறார்கள். அடுத்த மூச்சிலேயே அந்தச் சாப்பாட்டுக்காக ஏங்குகிறார்கள். அது என்ன பீன்ஸ், எப்படிச் சமைத்தார்கள், வெறும் பீன்ஸில் அப்படி என்ன இருக்கிறது, நம் ஊரில் செய்து பார்க்க முடியுமா?

நான் பல வருடமாகக் கிழக்கு டென்னசியில் இருக்கிறேன். இந்தப் பக்கத்துச் சமையலில் எனக்குக் கொஞ்சம் கிறுக்கே உண்டு. அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"தென்பகுதி பீன்ஸ்" என்று ஒற்றைச் சமையல் எதுவும் இல்லை. யாராவது பீன்ஸ் தின்று வளர்ந்தேன் என்றால், எந்த பீன்ஸ் என்று கேளுங்கள். பதிலை வைத்தே அவர் ஊரை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். ராஜ்மா இனத்துப் பின்டோ பீன்ஸ் என்றால் அவர் அப்பலாச்சிய மலைக்காரர்: கிழக்கு டென்னசி, கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா, வட கரோலினாவின் மேற்கு மூலை. தட்டைப்பயறு வகைகள் என்றால் ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, தென் கரோலினா என்று பருத்தி விளைந்த சமவெளி. சிவப்பு பீன்ஸும் சோறும் என்றால் யோசிக்கவே வேண்டாம், நியூ ஆர்லியன்ஸ். இது கறாரான எல்லைக்கோடு இல்லை. மலையிலும் தட்டைப்பயறு உண்டு, சமவெளியிலும் பின்டோ உண்டு. ஆனால் நினைவில் தங்குவது பெரும்பாலும் ஒன்றுதான்.

மூன்றுக்கும் பொதுவான விஷயம் ஒன்று இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் மற்றது எல்லாம் விளங்கிவிடும். இந்தச் சட்டியில் பன்றி இறைச்சி சாப்பிடுவதற்காகப் போடப்படுவதில்லை. நமக்குப் பெருங்காயம் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. எட்டுப் பேர் வீட்டில் புகையில் வாட்டிய ஒரு கணுக்கால் மூட்டு எலும்பு, அதாவது ஹாம் ஹாக், இல்லையென்றால் விரல் நீளத்துக்கு உப்புக்கண்டம் போட்ட முதுகுக்கொழுப்பு, அவ்வளவுதான். அது இரண்டு மூன்று மணி நேரம் சட்டிக்குள் கிடந்து உப்பையும் புகையையும் கொழுப்பையும் இறக்கிவிடும். கடைசியில் எலும்பில் ஒட்டியிருக்கும் நாலு நார் இறைச்சி யாருக்கு என்பதுதான் வீட்டில் சண்டை. சாப்பாடு என்பது பீன்ஸும் அதன் சாறும்தான்.

மலையிலிருந்து ஆரம்பிக்கிறேன், அது எனக்குப் பக்கம்.

பின்டோ அந்த மலையில் விளைகிற பயிர் இல்லை. மேற்கே கொலராடோ, நியூ மெக்சிகோ, ஐடஹோ பக்கம் வறண்ட நிலத்தில் விளைந்து, ரயிலில் மூட்டை மூட்டையாக வந்தது. இன்றைக்கு அமெரிக்காவில் உலர் பீன்ஸ் அதிகம் விளைவது வட டகோட்டாவில். நிலக்கரிச் சுரங்க ஊர்களில் கம்பெனியே கடை நடத்தியது. கூலியின் ஒரு பகுதியைக் கம்பெனி டோக்கனாகக் கொடுத்து, அதே கடையில் செலவழிக்க வைத்தார்கள். அந்தக் கடையில் மலிவாகக் கிடைத்தது, கெடாதது, வயிற்றை நிரப்புவது என்று பார்த்தால் பின்டோ மூட்டைதான். அதற்கு முன்னாலும் மலைக்காரர்கள் பீன்ஸ் ஆட்கள்தான், ஆனால் அது தோட்டத்து பீன்ஸ். மக்காச்சோளத் தண்டில் கொடியாக ஏறி விளைவது. அந்த மலையின் பூர்வகுடிகளான செரோக்கி மக்கள் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒன்றாக நட்டு வளர்த்த முறை, குடியேறிகளுக்கும் வந்து சேர்ந்தது.

அந்தத் தோட்டத்து பீன்ஸைக் காயவைக்கிற ஒரு விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முற்றாத பச்சை பீன்ஸை நார் உரித்து, தடித்த நூலில் ஊசியால் கோத்து மாலையாக்கி, தாழ்வாரத்திலோ அடுப்புக்குப் பின்னாலோ தொங்கவிடுவார்கள். நாளாக நாளாக அது சுருங்கி, நிறம் மங்கி, தோல் வார் மாதிரி ஆகிவிடும். "தோல் கால்சராய்" என்று அதற்குப் பெயர். குளிர்காலத்தில் இரவு முழுக்க ஊறவைத்து, உப்புக்கண்டத்தோடு பாதி நாள் கொதிக்கவைத்தால், பச்சை பீன்ஸின் சுவை போய் வேறொரு ஆழமான சுவை வந்திருக்கும். நம் வற்றல்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பாட்டி இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர், மலையில் பிறந்து வளர்ந்தவர். பின்டோ பொறுக்குவதை அவரிடம்தான் பார்த்தேன். பொட்டலத்தை அப்படியே சாப்பாட்டு மேசையில் கொட்டிப் பரப்புவார். மடியில் சட்டி. ஒற்றை விரலால் நல்ல பருப்பை இரண்டு மூன்றாக மேசை விளிம்புக்கு இழுத்து மடியில் தள்ளுவார். சட்டியில் 'டக் டக்' என்று விழுகிற சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். கடைசியில் மேசையில் மிஞ்சுவது கல், மண்கட்டி, சுருங்கிப்போன பருப்பு. நாம் முறத்தில் புடைத்துக் கழிவை வெளியே தள்ளுவோம். அவர் நல்லதை வெளியே எடுத்துக் கழிவை அங்கேயே விட்டுவிடுகிறார். "கண்ணு, கல்லைத் தேடினால் கண் அலுத்துப்போகும், பீன்ஸைத் தேடு" என்றார்.

அவர் வீட்டில் வாரத்தில் ஆறு நாள் பீன்ஸ். ஞாயிற்றுக்கிழமை கோழி, அதுவும் முட்டை போடுவதை நிறுத்திய கோழி. முதல் நாள் பின்டோ சாறும் பருப்புமாகக் கிண்ணத்தில் வரும், பக்கத்தில் கார்ன்பிரெட் என்ற மக்காச்சோள ரொட்டி, பச்சை வெங்காயம் ஒரு துண்டு. இரண்டாம் நாள் சட்டி திரும்ப அடுப்பில் ஏறும். பருப்பு கரைந்து சாறு கெட்டியாகியிருக்கும், பலருக்கும் இதுதான் முதல் நாளை விடப் பிடிக்கும். மூன்றாம் நாள் மிச்சத்தை மசித்து, வெங்காயம், கொஞ்சம் மாவு சேர்த்து, அடை மாதிரித் தட்டி, பன்றிக்கொழுப்பில் இரண்டு பக்கமும் மொறுமொறு என்று பொரிப்பார்கள். நான்காம் நாள் புதுச் சட்டி.

தொட்டுக்கொள்ள சௌ-சௌ என்று ஒரு ஊறுகாய். (நம் ஊர்க் காய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) முதல் உறைபனி வருவதற்குள் தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் பச்சைத் தக்காளி, முட்டைக்கோஸ், குடைமிளகாய், வெங்காயம் எல்லாவற்றையும் பொடியாக அரிந்து, உப்பில் பிசறி வடித்து, வினிகர், சர்க்கரை, கடுகு போட்டுக் காய்ச்சிப் பாட்டிலில் அடைப்பார்கள். கனத்த பீன்ஸ் சாற்றுக்கு நடுவே புளிப்பும் இனிப்புமாக அது ஒரு கரண்டி விழும்போதுதான் சாப்பாடு விழித்துக்கொள்கிறது. இது இல்லாமல் பின்டோ சாப்பிட்டுவிட்டு "சப்பென்று இருக்கிறது" என்று சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபம்கூட வரும்.

கார்ன்பிரெட் பற்றி ஒரு வார்த்தை, இல்லை பல வார்த்தை. இங்கே கடைகளில் கேக் போல இனிப்பாக, மஞ்சளாகக் கிடைப்பது வேறு. பழைய வீட்டுக் கார்ன்பிரெட் வெள்ளை மக்காச்சோள மாவு, மோர், உப்பு, சோடா, வசதி இருந்தால் ஒரு முட்டை. சர்க்கரை போடலாமா என்று கேட்டால் இங்கே குடும்பங்களே இரண்டாகப் பிரியும். என் கட்சி, போடக்கூடாது. முக்கியமானது வார்ப்பிரும்புச் சட்டி. அதில் பன்றிக்கொழுப்பு விட்டு, அடுப்புக்குள் வைத்துப் புகை வரும் வரை சூடேற்றி, பிறகுதான் மாவைக் கொட்டுவார்கள். கொட்டும்போது ஓரம் உடனே பொரிந்து எழும்ப வேண்டும். அந்தச் சத்தம் வராவிட்டால் அடிப்பக்கம் பொன்னிற ஓடு கட்டாது. அப்படிப்பட்ட சட்டிகளை 1896 முதல் வார்த்துக்கொண்டிருக்கும் லாட்ஜ் கம்பெனி இருப்பது டென்னசியின் சவுத் பிட்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில். தாயிடமிருந்து மகளுக்குப் போகிற சொத்து என்று பல வீட்டில் வேறொன்றும் இருக்காது, இந்தச் சட்டி இருக்கும்.

ரொட்டியைச் சாற்றில் தோய்ப்பதா, பிட்டுப் போட்டுப் பிசைவதா என்பதும் வழக்குதான். 1931ல் இது செய்தித்தாள் வரை போனது. லூசியானா கவர்னர் ஹ்யூயி லாங் தோய்ப்பவர் கட்சி. அட்லாண்டா கான்ஸ்டிடியூஷன் பத்திரிகை பிட்டுப் போடுபவர் கட்சி. நாடே பொருளாதார மந்தத்தில் கிடந்த காலத்தில் இரண்டு தரப்பும் சில வாரம் இதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அது கீரை வெந்த சாற்றைப் பற்றிய சண்டை, பீன்ஸ் சாறு அல்ல. ஆனால் ரொட்டியும் நியாயமும் ஒன்றுதான்.

சமவெளிக்கு இறங்கினால் பயறு மாறிவிடுகிறது. அங்கே ராஜா தட்டைப்பயறு. நாம் காராமணி என்று சொல்லும் அதே இனம், கறுப்புக் கண் உள்ளதும் அதில் ஒரு வகை. ஆப்பிரிக்காவில் பயிரான இது, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு அட்லாண்டிக்கைக் கடந்தது. கடும் வெயில் தாங்கும், மண் மோசமாக இருந்தாலும் விளையும், வேரில் தழைச்சத்தைச் சேர்த்து நிலத்தையும் தேற்றும். பருத்தி உறிஞ்சிப்போட்ட நிலத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. அலபாமாவின் டஸ்கீகியில் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்ற வேளாண் விஞ்ஞானி, குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுத கறுப்பின விவசாயிகளுக்காக, இதை எப்படிப் பயிரிடுவது, எப்படிச் சமைப்பது என்று சின்னச் சின்ன வெளியீடுகளே போட்டார். உலகம் அவரை வேர்க்கடலைக்காரராக நினைவு வைத்திருக்கிறது. தட்டைப்பயற்றுக்கும் அவர் அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்.

வகைகளுக்குக் கணக்கில்லை. ஊதா நிறத் தோல் உள்ளது, காய்க்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் பருப்பின் முனை சதுரமாகிப்போனது, பால்வெள்ளையாகப் பொடிசாக இருப்பது என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பிடித்தம். கோடையில் கூடை கூடையாகப் பறித்து வந்து, சாயங்காலம் தாழ்வாரத்தில் எல்லோரும் உட்கார்ந்து உரிப்பார்கள். பெரியவர்கள் ஊர்க்கதை பேசுவார்கள், பிள்ளைகளுக்குத் தப்பிக்க வழி கிடையாது. ஊதாத் தோல் உரித்தால் கட்டைவிரல் நகக்கண் வரை சாயம் ஏறும், சோப்பு போட்டாலும் சட்டென்று போகாது. வீட்டுக்கு வீடு பெரிய ஃப்ரீசர் வந்த பிறகு, கொதிநீரில் ஒரு முறை போட்டு எடுத்து உறையவைத்து வருடம் முழுக்க வைத்துக்கொண்டார்கள். பச்சையாக உரித்த தட்டைப்பயறு அரை முக்கால் மணியில் வெந்துவிடும். காய்ந்த பின்டோவின் பொறுமை அதற்குத் தேவையில்லை. வெண்டைக்காய் நாலைந்தைப் பயற்றின்மேல் முழுசாக வைத்து, அந்த ஆவியிலேயே வேகவைப்பதும் உண்டு.

பட்டர் பீன்ஸும் இதே கோடைக் கதைதான். நம் ஊரில் டபுள் பீன்ஸ் என்று விற்பதன் உறவு. கொழுப்பும் உப்பும் மிளகும் போட்டு, சாறு பால்போல ஆகும்வரை வேகவிடுவார்கள், அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

தட்டைப்பயறும் அரிசியும் சேர்ந்தால் ஹாப்பின் ஜான். புத்தாண்டு அன்று இதைத் தின்றால் அதிர்ஷ்டம், கூட வைக்கும் கீரை நோட்டுக்கட்டு, கார்ன்பிரெட் தங்கம் என்பார்கள். இதன் பிறப்புக்கு ஒரு கதை சொல்வார்கள்: உள்நாட்டுப் போரில் வடக்குத் தளபதி ஷெர்மனின் படை ஜார்ஜியாவைச் சூறையாடியபோது, மாட்டுத் தீவனம் என்று நினைத்து இந்தப் பயற்றை மட்டும் விட்டுவிட்டுப் போனதாம், அதைத் தின்று மக்கள் பிழைத்தார்களாம். ஷெர்மன் படை வந்தது 1864ல். ஹாப்பின் ஜான் செய்முறை 1847லேயே சார்ல்ஸ்டன் நகரத்துச் சமையல் புத்தகம் ஒன்றில் அச்சாகிவிட்டது. அந்தச் செய்முறையில் ஒரு பைன்ட் சிவப்புப் பயறு, ஒரு பைன்ட் அரிசி, அதற்கு ஒரு பவுண்டு பேக்கன், அதாவது உப்பிட்டுப் புகையூட்டிய பன்றி இறைச்சி. அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு! இது பண்ணை முதலாளி வீட்டுச் சட்டி. ஆனால் பயற்றையும் அரிசியையும் சேர்த்துப் பொங்கும் கை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கை. அந்த முதலாளி வீட்டு அடுப்படியில் நின்றதும் அதே கைதான், அவர்கள் குடிசையில் பேக்கன் ஒரு துண்டு இருந்தால் பெரிது. ஷெர்மன் கதையில் இந்த ஆட்களே காணாமல்போய்விடுகிறார்கள். அதனால்தான் எனக்கு அந்தக் கதை பிடிப்பதில்லை.

நியூ ஆர்லியன்ஸுக்கு வருவோம். அங்கே திங்கள்கிழமை சிவப்பு பீன்ஸ். காரணம் எளிது. திங்கள் துணி துவைக்கும் நாள். வாஷிங் மெஷின் இல்லாத காலத்தில் அது காலையிலிருந்து மாலை வரை முதுகை ஒடிக்கிற வேலை. ஞாயிறு சமைத்த ஹாமின் எலும்பு மீந்திருக்கும். அதைப் பீன்ஸோடு சட்டியில் போட்டு மெல்லிய தீயில் விட்டுவிட்டால், துணி காய்வதற்குள் சாப்பாடு தயார். வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் வதக்கிச் சேர்ப்பது அந்த ஊர்ச் சமையலின் அடித்தளம், கூடவே பிரிஞ்சி இலை, தைம், பூண்டு. ஹெய்ட்டியில் புரட்சி நடந்தபோது அங்கிருந்து கியூபாவுக்குப் போய், 1809ல் அங்கிருந்தும் விரட்டப்பட்டு ஆயிரக்கணக்கானோர் நியூ ஆர்லியன்ஸுக்கு வந்தார்கள். பீன்ஸும் சோறும் என்ற கரீபியப் பழக்கம் அந்த ஊரில் இவ்வளவு வேரூன்றியதற்கு அவர்களும் ஒரு காரணம் என்பார்கள். ஜாஸ் இசைக் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் அந்த ஊரில் வறுமையில் வளர்ந்தவர். உலகப் புகழ் பெற்ற பிறகும் கடிதங்களின் முடிவில் "சிவப்பு பீன்ஸும் சோறுமாகத் தங்களுடைய" என்ற பொருள் வரும்படிதான் கையெழுத்துப் போடுவார். திங்கள்கிழமை அந்த ஊர் உணவகப் பலகைகளில் இன்றைக்கும் அதைப் பார்க்கலாம்.

இனி "வெறும் பீன்ஸில் என்ன இருக்கிறது" என்ற கேள்வி. இதற்குத் தென்பகுதி தன் உடம்பிலேயே பதில் எழுதியிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது வருடம், பெலாக்ரா என்ற நோய் இந்த மாநிலங்களை வாட்டியது. தோல் வெந்ததுபோல் கருத்து உரியும், வயிற்றுப்போக்கு, அப்புறம் புத்தி தடுமாறும், கடைசியில் சாவு. தொற்றுநோய் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1914ல் மத்திய அரசின் பொதுச் சுகாதாரத் துறை, ஜோசஃப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவரை அனுப்பியது. அனாதை இல்லங்களில் பிள்ளைகளுக்கு வருகிறது, பராமரிக்கிற பணியாளர்களுக்கு வருவதில்லை என்பதை அவர் கவனித்தார். தொற்று என்றால் அது ஆள் பார்த்தா வரும்? மிசிசிப்பியின் ஜாக்சன் நகரத்து இல்லங்களில் சாப்பாட்டை மாற்றினார். மக்காச்சோளத்தைக் குறைத்து, பால், முட்டை, இறைச்சி, கூடவே பீன்ஸும் பயறும் கூட்டினார். நோய் ஏறக்குறைய நின்றுபோனது. பிறகு 1916 முதல் தென் கரோலினாவின் பஞ்சாலை ஊர்களில் வீடு வீடாக வருமானத்தையும் சாப்பாட்டையும் கணக்கெடுத்து, இது வறுமையின் நோய் என்று காட்டினார். தென்பகுதித் தலைவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை, எங்களை அவமானப்படுத்துகிறீர்கள் என்றார்கள். குறை நியாசின் என்ற வைட்டமினில் என்பது 1937ல், கோல்ட்பெர்கர் இறந்து எட்டு வருடம் கழித்துத்தான் உறுதியானது.

நோய் வந்த வீடுகளின் தட்டில் இருந்தது கொழுப்பு இறைச்சி, மக்காச்சோள மாவு, மொலாசஸ் என்ற கரும்புப்பாகு, இவ்வளவுதான். மக்காச்சோளத்தில் நியாசின் இருந்தும் உடம்பு எடுக்க முடியாத வடிவில் பூட்டிக் கிடக்கிறது. சுண்ணாம்பிலோ சாம்பல் நீரிலோ வேகவைத்தால் பூட்டு திறக்கும். மெக்சிகோ மக்களும் செரோக்கி மக்களும் காலங்காலமாக அப்படித்தான் செய்தார்கள். குடியேறிகள் மக்காச்சோளத்தை எடுத்துக்கொண்டார்கள், அந்தப் பக்குவத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். உடம்பு நியாசினை டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்தும் செய்துகொள்ளும். மக்காச்சோளத்தில் அது குறைவு, பயறு வகைகளில் உண்டு. லைசினும் அப்படியே: மக்காச்சோளத்தில் குறை, பீன்ஸில் நிறை. பீன்ஸில் குறைகிற மெத்தியோனினை மக்காச்சோளம் ஈடுகட்டுகிறது. நம் அரிசியும் பருப்பும் செய்துகொண்ட அதே ஒப்பந்தம்.

ஆகவே, "எங்களிடம் பீன்ஸ் தவிர ஒன்றும் இல்லை" என்று சொல்பவரின் வீடு, அந்தத் தெருவிலேயே கடைசிப் படியில் இருந்த வீடு இல்லை. அடுப்பில் பீன்ஸ் சட்டி இருந்த வீடு ஒரு படி மேலே. கடைசிப் படியில் இருந்தவர்களிடம் மாவும் பாகும் மட்டும்தான் இருந்தது. அந்தச் சாப்பாட்டை இவ்வளவு அன்போடு யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அந்த அன்புக்குள் வெட்கமும் இருக்கிறது. பாட்டி பள்ளிக்கூடத்துக்குப் பன்றிக்கொழுப்பு வாங்கின தகர வாளியில் ஆறிப்போன கார்ன்பிரெட்டும் பீன்ஸும் கொண்டுபோவாராம். ஊருக்குள் கடை வைத்திருந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் கையில் கடையில் வாங்கிய வெள்ளை பிரெட். வாளி மூடியைத் திறக்காமல், கையை உள்ளே விட்டு, பிட்டுப் பிட்டுத் தின்பாராம். "இன்றைக்கு அதே பீன்ஸை ஹோட்டலில் பதினைந்து டாலருக்கு விற்கிறான், மேலே ஒரு கொத்து கொத்தமல்லி வேறு" என்று சிரித்தார். கொத்தமல்லிதான் அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

செலவு எவ்வளவு? இப்போதும் ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் உலர் பின்டோ, சாதாரணக் கடையில் ஒன்றரை, இரண்டு டாலர்தான். வெந்தால் ஆறு கப் வரும். ரொட்டியோடு ஆறு பேர் சாப்பிடலாம். விலை ஏறியது எலும்புக்குத்தான். ஒரு காலத்தில் சும்மா கொடுத்த ஹாம் ஹாக்கை இன்று பீன்ஸை விட அதிகம் கொடுத்து வாங்குகிறோம்.

நம் ஊரில் செய்ய நினைத்தால் பின்டோவைத் தேடி அலைய வேண்டாம். சித்ரா ராஜ்மா என்று கோடு கோடாக இருப்பது போதும், ஒரே இனம்தான், சுவையும் பக்கத்தில் வரும். கால் கிலோ எடுத்துப் பொறுக்கிக் கழுவி, ஒரு ஸ்பூன் உப்புப் போட்ட தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். உப்பு முதலிலேயே போட்டால் பருப்பு வேகாது என்று இங்கேயும் பாட்டிகள் சொல்வார்கள், உண்மை நேர்மாறு. உப்பில் ஊறினால் தோல் இளகி, வெடிக்காமல் சீராக வேகும். வேகவிடாமல் தடுப்பது புளிப்பு. தக்காளி, வினிகர், புளி எதுவானாலும் பருப்பு முழுக்க வெந்த பிறகுதான். கடினத் தண்ணீரும், பரணில் வருடக்கணக்காகக் கிடந்த பருப்பும் அதே தொல்லையைத் தரும். அப்போது சோடா உப்பு ஒரு சிட்டிகை போடலாம், கூடினால் சோப்பு வாடை வரும்.

ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, பருப்புக்கு மேல் இரண்டு அங்குலம் நிற்கும்படி புதுத் தண்ணீர் விட்டு, பாதி வெங்காயத்தோடு அடுப்பில் ஏற்றுங்கள். முதல் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். இதைத் தட்டிக்கழிக்காதீர்கள். ராஜ்மா வகையில், முக்கியமாகச் சிவப்பில், லெக்டின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. நல்ல கொதியில்தான் அது அழியும். ஸ்லோ குக்கரில் பச்சையாகப் போட்டு மிதச்சூட்டில் விட்டால் அழியாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். கொதித்த பிறகு தீயைத் தணித்து, மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து, ஒன்றரை இரண்டு மணி நேரம். தண்ணீர் குறைந்தால் வெந்நீர் சேருங்கள். பாட்டியின் சோதனை: ஒரு பருப்பைக் கரண்டியில் எடுத்து ஊதினால் தோல் சுருண்டு உரிய வேண்டும். அப்புறம் ஒரு கரண்டி பருப்பைச் சட்டியின் ஓரத்தில் வைத்து நசுக்கிக் கலந்துவிட்டால் சாறு கெட்டிப்படும்.

குக்கரில் வைக்கலாமா என்றால், தாராளமாக. வேகும். ஆனால் சாறு மெலிசாக இருக்கும், திறந்த பிறகு இருபது நிமிடம் மூடாமல் காய்ச்சுங்கள்.

பன்றி எலும்புக்குப் பதில் இங்கேயே பலர் புகையூட்டிய வான்கோழிக் கழுத்துக்கு மாறிவிட்டார்கள். சைவர்கள், வெங்காயத்தை நேரடித் தீயில் கருக வாட்டிப் போட்டு, கடைசியில் இரண்டு ஸ்பூன் வெண்ணெயும் கொஞ்சம் புகைமிளகாய்த் தூளும் சேர்த்தால் பாதி தூரம் போய்விடலாம். மீதிப் பாதி வராது, அதை ஒப்புக்கொண்டே சாப்பிட வேண்டும். தாளிக்கத் துடிக்கும் கையைக் கட்டிப்போடுங்கள். சீரகமும் கரம் மசாலாவும் விழுந்தால் அது நல்ல ராஜ்மா மசாலா, ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லை.

கார்ன்பிரெட்டுக்குக் கடையில் கார்ன்ஃப்ளோர் என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள், அது வெறும் மாப்பொருள். வேண்டியது ரவைக்குக் கொஞ்சம் பொடிசாக இருக்கும் மக்காச்சோள மாவு. இரண்டு கப் மாவு, ஒரு ஸ்பூன் உப்பு, ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை ஸ்பூன் சோடா, ஒரு முட்டை, கெட்டி மோர் ஒன்றரை கப்புக்குக் கொஞ்சம் மேலே. இட்லி மாவுப் பதம். ஓவன் இருந்தால் 220 டிகிரியில், எண்ணெய் காய்ந்த இரும்புச் சட்டியில் இருபது நிமிடம். ஓவன் இல்லாவிட்டால் கனத்த தோசைக்கல்லில் சின்னச் சின்னதாக ஊற்றி, மூடிபோட்டுத் திருப்பிப் போட்டு எடுங்கள். பழைய நாளில் அவர்களும் ஓவனை மூட்டச் சோம்பல்பட்டால் இப்படித்தான் சுட்டார்கள். கூடவே நீளமாக அரிந்த பச்சை வெங்காயம். சௌ-சௌ ஊறுகாய் கிடைக்காது, அதன் இடத்தில் வினிகரில் ஒரு மணி நேரம் ஊறிய முட்டைக்கோஸ், பச்சை மிளகாய் போதும்.

இரண்டு மணி நேரம் அடுப்பு எரிக்க முடியாதவர்கள் தட்டைப்பயற்றில் ஆரம்பியுங்கள். கறுப்புக் கண் உள்ள வெள்ளைக் காராமணி, ஊறக்கூட வேண்டாம், ஒரு மணிக்குள் குழைந்துவிடும். சோறு தனியாக வடித்து, மேலே சாறோடு ஊற்றி, பச்சை வெங்காயத்தாள் தூவுங்கள். மிஞ்சினால் மறுநாள் சூடேற்றிச் சாப்பிடுங்கள். அந்த மறுநாள் சாப்பாட்டுக்கும் கரோலினாவில் ஸ்கிப்பின் ஜென்னி என்று தனிப் பெயரே இருக்கிறது.